சொட்டு பிடிக்கும் விளையாட்டு

அந்தத் தெருவில் அவளுக்குச் சொட்டு அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் புதிதாகத் துணி தேய்க்கக் கொடுக்க வருகிறவர்கள், வாசலில் நின்றுகொண்டு, "இங்க சொட்டு அக்கா வீடு எதுங்க?" என்று அவளிடமே கேட்டு வைப்பதுண்டு. "இதேதான், உள்ள வாங்க" என்று அவளும் துணியை வாங்கிக்கொள்வாள். பெயரில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

குழாயை விரல் தடிமனுக்குத் திறந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். நூல் தடிமன்தான் அவள் கணக்கு. பல் துலக்க ஒரு தம்ளர். அரிசி களைந்த தண்ணீரில் கீரை அலச வேண்டும்; கீரை அலசிய தண்ணீர் எச்சில் தட்டுக்கு முதல் தண்ணீர். எண்ணெய்ப் பாத்திரத்தைப் பழைய பேப்பரால் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரில் காட்டலாம். குளிக்கிறவர் யாராக இருந்தாலும் குளியலறையில் இருக்கிற அகலமான பிளாஸ்டிக் பேசினுக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் தரை துடைக்கப் போகும், தரை துடைத்தது கக்கூசுக்குப் போகும். துணி அலசிய கடைசித் தண்ணீர் பின்கட்டில் இருக்கும் நீல டிரம்முக்குப் போய், அடுத்த நாள் அழுக்குத் துணிக்கு முதல் தண்ணீராக நிற்கும்.

"ஒரு வேலை செஞ்சதும் தூக்கி எறியறதுக்கு அது என்ன தெருவுல கெடந்து வந்துச்சா? இன்னொரு வேலை செய்யட்டும்" என்பாள்.

தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் விடிகாலையில் வரும்; மாடித் தொட்டியில் ஏற்றி வைத்தால்தான் மற்ற நேரம் குழாயில் வரும். அந்தக் கோடையில் அதுவும் தள்ளாடிக்கொண்டு வந்தது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோதும் அந்த வீட்டில் மட்டும் யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை என்பது உண்மை. அதை அவள் தினமும் ஒருமுறையாவது சொல்லிக் காட்டினாள் என்பதும் உண்மை.

வேடிக்கை என்னவென்றால் அவள் தம்பி தண்ணி லாரி ஓட்டுகிறவன். ஊருக்கெல்லாம் குழாய் போட்டு ஊற்றிவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்து தம்ளர் கணக்கில் முகம் கழுவ வேண்டும். "எங்கக்கா இருக்கற வரைக்கும் நான் குளிக்கறதே கனவுலதான்" என்று லாரி செட்டில் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அக்கா பேச்சைத் தட்டமாட்டான். கட்டினவன் செத்துப்போய், கையில் ஒரு தேய்ப்புப் பெட்டியோடு அவள் வந்து சேர்ந்த நாளிலிருந்து, முன்னறை அவளுடையது. அங்கே சுவரைப் பார்த்து மேசை போட்டுத் தேய்க்கிறாள். தம்பி பெண்டாட்டி ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் கட்டும் வேலைக்குப் போகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது அத்தையின் பொறுப்பு.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெண் குழந்தை. வீட்டில் எல்லாரும் வாண்டு என்றார்கள். கால் முளைத்தது முதல் அதற்குத் தரையில் கால் நிற்காது. கொதிக்கிற பெட்டியும் தொங்குகிற ஒயரும் இருக்கிற அறையில் அதை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது லேசான காரியமா? அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறைக் குழாய் கொஞ்ச காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதனடியில் குட்டி முக்காலியைப் போட்டு, வாண்டுவின் கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தம்ளரைக் கொடுத்து உட்கார வைத்தாள்.

"சொட்டு வரும் பாரு, புடிக்கணும். ரொம்பினதும் அத்தைகிட்ட கொண்டாரணும். ஆனா பேசக் கூடாது. பேசினா சொட்டு பயந்து ஓடிடும். யாரு கூப்பிட்டாலும் ஷ்ஷ்... என்ன?"

"ஷ்ஷ்" என்று வாண்டு உதட்டில் விரலை வைத்துக்கொண்டது.

அவ்வளவுதான். அது வேலை செய்தது. குழந்தை மணிக்கணக்கில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். யார் கூப்பிட்டாலும் திரும்பாது. விரல் மட்டும் உதட்டுக்குப் போகும். தம்ளர் நிறைந்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி, அத்தையிடம் நடந்து வரும். அந்தத் தண்ணீரை அவள் துணி மேல் தெளித்துத் தேய்ப்பாள். ஒழுகிய தண்ணீரும் வீணாகவில்லை, பிள்ளையும் அடங்கியது. இதைத் தெருவில் அவள் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. தம்ளருக்கு அடுக்களைச் சுவரில், வாண்டுவுக்கு எட்டும் உயரத்தில், ஒரு ஆணியும் அடித்து வைத்தாள்.

அன்றைக்குக் காலையிலேயே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. தம்பி பெண்டாட்டி வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தவள், சீப்பும் கையுமாகக் குளியலறைப் பக்கம் ஓடினாள். வாண்டு குதிகாலை உயர்த்தி, வயிற்றைப் பேசின் விளிம்பில் வைத்து, உள்ளே மிதக்கும் மஞ்சள் வாத்து பொம்மையை எட்டிக்கொண்டிருந்தது. அவள் வாரி எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, இந்தப் பேசின் தண்ணிய ஊத்திடுங்க. தயவுசெஞ்சு சொல்றேன்."

"எதுக்கு ஊத்தணும்? நேத்து ராத்திரி உன் புருஷன் குளிச்ச தண்ணி. இன்னிக்கி வீடு தொடைக்க வேணாமா?"

"பாப்பா எட்டிப் பாக்குது. தல கனம், அப்படியே கவுந்துடும். எங்க கம்பெனியில ஒருத்தியோட அக்கா கொழந்த, ஒரு வாளித் தண்ணிதான் அண்ணி, வாளி... அவ அழுததப் பாத்ததுலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல."

"காலங்காத்தால என்ன பேச்சு இது? வாயக் கழுவு. நான் இங்க கல்லு மாதிரி நிக்கறேன்ல?"

"நீங்க நிப்பீங்க. பெட்டியப் பாப்பீங்களா, பாப்பாவப் பாப்பீங்களா?"

சொட்டு அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்று சொல்கிறாளோ என்று நினைத்தாள். தம்பி பெண்டாட்டி அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் நினைத்துவிட்டால் நினைத்ததுதான். விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய் டிரம் மேல் ஒரு பலகையைத் தூக்கிப் போட்டாள். "போதுமா?" என்று கேட்டாள். பேசினுக்குப் போட அவளிடம் மூடி ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் கோபத்தில் போட்டிருக்கமாட்டாள்.

மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான். முட்டுச் சந்து அது. லாரியை நேராக உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுவான். போகும்போது பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். அக்கா பின்னால் நின்று "வா, வா, வா" என்று சொல்லிக்கொண்டே நடப்பாள். சுவர் நெருங்கினால் நிறுத்தச் சொல்லி டாங்கியில் ரெண்டு தட்டுத் தட்டி "ஓல்டான்" என்பாள். காலி டாங்கி டமார் டமாரென்று ஒலிக்கத் தெருவே அதிரும். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

வெயில் கொளுத்தியது. தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் வேலைக்குப் போய்விட்ட நேரம். தம்பி தரையில் உட்கார்ந்து சோறும் பருப்பும் அவித்த முட்டையும் சாப்பிட்டான். அக்கா பரிமாறிக்கொண்டே வாசலை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா, அந்த லாரிக்கு அடியில என்னடா அது, குளம் கட்டி நிக்குது?"

"பின்னாடி வால்வு வாஷர் போயிருச்சுக்கா. டாங்கியில மிச்சம் மீதி நின்னது ஒழுகுது. நாளைக்கி மாத்திடறேன்."

"நாளைக்கி, நாளைக்கி! வீட்டுக் குழாய் வாஷரையும் இப்படித்தான் நாலு மாசமா சொன்ன."

"அதத்தான் நேத்து மாத்திட்டேன்ல? இப்ப ஒரு சொட்டு ஒழுகுதா பாரு."

"ஊர் பூரா ஒழுகிக்கிட்டே போயிருக்க, அத நெனச்சாலே எனக்கு வயிறு எரியுது."

வாண்டு அடுக்களையிலிருந்து வந்து நின்றது. கையில் காலித் தம்ளர். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அத்தே, சொட்டு காணோம்."

"சொட்டு போயிடுச்சுடி. உங்கப்பன் குழாய ரிப்பேர் பண்ணிட்டான்."

"எங்க போச்சு?"

"எங்க போச்சா? எல்லாச் சொட்டும் உங்கப்பன் லாரிக்கடியிலதான் கொட்டிக் கெடக்கு. போய்ப் புடி, போ."

தம்பி சிரித்துப் புரையேறினான். அக்காவும் சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். வாண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

சாப்பிட்டுவிட்டுத் தம்பி தெருமுனைக் கடையில் சவரம் செய்துகொள்ளப் போனான். வந்ததும் வண்டியை எடுக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் ரெண்டு நடை பாக்கி என்றான். அக்கா பெட்டியைச் சூடு பண்ணினாள். பக்கத்துத் தெரு டாக்டரிடம் வேலை பார்க்கிறவர் வெள்ளைக் கோட்டுகள் வாங்க வந்தார். அவள் அடுக்கிலிருந்து தேடி எடுத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அவர் கதவை ஒருக்களித்துவிட்டுப் போனதை அவள் கவனிக்கவில்லை.

அதன்பிறகு ஒரு வெள்ளைச் சட்டை. காலரை விரித்து, தண்ணீர் தெளித்து, உள்பக்கம் முதலில், வெளிப்பக்கம் அப்புறம். கைப்பட்டையைத் திருப்பி நுனியால் ஓட்டினாள். ஆவியில் சோப்பு வாசனை கிளம்பியது. வீடு அமைதியாக இருந்தது. அடுக்களைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பழகின அமைதி. வாண்டு சொட்டுப் பிடிக்கிற நேரத்து அமைதி. பாவம், எவ்வளவு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, கம்பெனிக்காரி வந்து பார்க்கட்டும், பெட்டியைப் பார்ப்பேனா பாப்பாவைப் பார்ப்பேனா என்று கேட்டாளே என்று மனதுக்குள் பேசிக்கொண்டே முதுகுப் பக்கத்தைத் தேய்த்தாள்.

முதுகுப் பக்கம் பாதியில் அவள் கை நின்றது.

குழாயில்தான் இப்போது சொட்டே இல்லையே.

"வாண்டு?"

பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு நகர்ந்தாள்.

"வாண்டு! ஏய், அத்தை கூப்பிடறேன்."

அடுக்களையில் முக்காலி மட்டும் இருந்தது. குளியலறைக் கதவு திறந்திருந்தது. பேசினில் சாம்பல் நிறத்தில் சோப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. அடி தெரியவில்லை. மேலே மஞ்சள் வாத்து கவிழ்ந்து கிடந்தது.

காலையில் அது நிமிர்ந்துதான் மிதந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

மண்டியிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். தடவினாள். பேசினின் அடி வழுக்கியது. இந்த மூலை, அந்த மூலை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கை மறுபடியும் தடவியது. பிறகு பேசினை அப்படியே கவிழ்த்துவிட்டாள். தம்பி குளித்த தண்ணீர், தரை துடைக்க வேண்டிய தண்ணீர், மொத்தமும் அவள் முழங்காலை நனைத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது.

பின்கட்டில் வாளிகள் வரிசையாக நின்றன. அவளே வைத்த வரிசை. எதில் எந்தத் தண்ணீர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இப்போது எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எல்லாமே கலங்கல், எல்லாமே அடி தெரியாதவை. இத்தனை தண்ணீரை ஏன் சேர்த்து வைத்தேன் என்று நினைத்தாள். ஒன்றொன்றாகக் கையை விட்டுக் கவிழ்த்தாள். வாய் மட்டும் "வாண்டு, வாண்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. குரல் வெளியே வந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டிரம் மேல் போட்ட பலகை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

பிள்ளைக்கு அந்த உயரம் எட்டாது. எட்டாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் டிரம்முக்குப் பக்கத்தில் துணி துவைக்கிற கல் இருந்தது. கல் மேல் ஏறினால்? பலகையைத் தள்ளிவிட்டுத் தோள் வரைக்கும் கையை விட்டாள். கன்னம் தண்ணீரில் பட்டது. விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று இருந்தது. துணி. துணிக்குள் ஏதோ கனம்.

அந்தச் சமயத்தில் அவள் கடவுளையும் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிடித்து இழுத்தாள். ஒரு கை மேலே வந்தது. சின்னக் கை மாதிரி இருந்தது. அவள் அலறின அலறலில் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக ஓடி வந்தாள்.

வந்தது தம்பியின் காக்கிச் சட்டை. மடிந்த கைதான் அது. காலையில் அவளே ஊறப்போட்டது. பைக்குள் ஸ்பானர் இருந்திருக்கிறது; அதுதான் கனம். அவள் சட்டையை விட்டெறிந்துவிட்டு டிரம்மைத் தோளால் முட்டிச் சாய்த்தாள். நீல டிரம் உருண்டது. பின்கட்டு முழுக்க வெள்ளம். தண்ணீர் வடிந்து முடிந்தபோது அங்கே சிமெண்டுத் தரையும் ரெண்டு பட்டனும் தவிர ஒன்றுமில்லை.

"என்னக்கா? என்ன ஆச்சு?" தையல்காரம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளயக் காணோம்."

"எங்க போயிருக்கும்? உள்ளதான்..."

"எல்லாத்துலயும் கைய விட்டுப் பாத்துட்டேன். எதுலயும் இல்ல. எதுலயும் இல்ல."

"அய்யய்யோ, என்னக்கா பேசறீங்க! வாசக் கதவு தொறந்து கெடந்துச்சு, நான் அந்த வழியாத்தான் வந்தேன். வெளிய போயிருக்கும். இருங்க... என்னமோ கருகுது."

தையல்காரம்மா முன்னறைக்கு ஓடிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். வெள்ளைச் சட்டையின் முதுகில் பெட்டி அளவுக்குக் கருப்பாக ஓட்டை. அவள் அதைத் தாண்டித் தெருமுனைக்கு ஓடினாள். தம்பியின் பெயரைச் சொல்லி அவள் கத்துவது கேட்டது.

தம்பி பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, கழுத்தில் கடைக்காரன் துண்டோடு ஓடி வந்தான். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கோலத்தைப் பார்த்து ஊரே சிரித்திருக்கும். வீட்டுக்குள் நுழைந்தவன் ஈரத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான். கவிழ்ந்த டிரம்மையும் வாளிகளையும் பார்த்தான். அவன் மனசு எங்கே போயிருக்கும் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"இல்லடா. தண்ணியில இல்ல. பாத்துட்டேன். தண்ணியில இல்ல."

"அப்ப எங்கக்கா?"

"தெரியலடா."

"தெரியலன்னா? நீ எங்க இருந்த?"

அவள் முன்னறைப் பக்கம் கையைக் காட்டினாள். அவன் உள்ளே ஓடினான், கட்டிலுக்கடியில் பார்த்தான், பீரோவுக்குப் பின்னால் பார்த்தான், எதிர் வீட்டுக் கதவைத் தட்டினான், பூட்டிக் கிடந்தது. "பாப்பா! பாப்பா!" என்று தெருவில் நின்று கத்தினான். அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. லாரியைத் தாண்டி, தெருமுனையில், மெயின் ரோட்டில் பஸ்கள் இரைந்துகொண்டு போயின.

"மெயின் ரோட்டுக்குப் போயிருந்தா..." என்றான். முடிக்கவில்லை. "நான் வண்டிய எடுத்துட்டு ரோட்டுப் பக்கம் போறேன். ஏறி நின்னா தூரத்துக்குத் தெரியும். நீங்க பின்பக்கம் பாருங்கம்மா" என்று தையல்காரம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினான். தையல்காரம்மா பின்வாசல் வழியாகப் போனாள்.

அக்கா மட்டும் வீட்டுக்குள் நின்றாள். கை தோள் வரைக்கும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரி சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுவாள். "பாப்பா எங்க அண்ணி?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வி காதில் விழுவதற்கு முன்னால் செத்துப்போய்விட வேண்டும் என்று தோன்றியது. காலையிலேயே சொன்னாளே. தயவுசெஞ்சு என்று சொன்னாளே. பெட்டியைத்தான் பார்த்தேன். நான் பெட்டியைத்தான் பார்த்தேன்.

அடுக்களைச் சுவரில் கையை ஊன்றினாள். உள்ளங்கையில் ஆணி குத்தியது.

ஆணியில் தம்ளர் இல்லை.

முக்காலியைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள். சிவப்புத் தம்ளர் எங்குமில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. தம்ளரை எடுத்தால் ஒரே ஒரு வேலைதான் அதற்குத் தெரியும். சொட்டு எங்கே இருக்கிறதோ அங்கே போயிருக்கிறது. சொட்டு எங்கே இருக்கிறது?

எல்லாச் சொட்டும் உங்கப்பன் லாரிக்கடியிலதான் கொட்டிக் கெடக்கு. போய்ப் புடி, போ.

வெளியே லாரி உறுமிக்கொண்டு உயிர் பெற்றது.

அவள் எப்படி வாசலைத் தாண்டினாள் என்பது பின்னால் எத்தனை யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. தேய்ப்பு மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. கால் கட்டைவிரல் படியில் அடிபட்டு நகம் பெயர்ந்தது; அதையும் ராத்திரிதான் பார்த்தாள். "நிறுத்துடா! நிறுத்துடா!" என்று கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் அவன் காதில் என்ன விழும்? பின்னால் யாரும் நிற்காமல் அவன் வண்டியை எடுத்ததே கிடையாது; இன்றைக்கு அந்த நினைப்பெல்லாம் அவனுக்கு எங்கே இருக்கிறது? ரிவர்ஸ் கியர் விழுகிற சத்தம் கேட்டது. பின்சக்கரம் அசைந்தது. அவள் கண்ணால் பார்த்தாள், அந்தப் பெரிய கருப்புச் சக்கரம் மெதுவாக, ஒரு முழம், பின்னால் உருண்டது.

அவள் டாங்கியில் போய் விழுந்தாள். ரெண்டு கையாலும் அறைந்தாள்.

டமார். டமார்.

"ஓல்டான்! ஓல்டான்! ஓல்டான்!"

வண்டி குலுங்கி நின்றது. இத்தனை வருஷத்துப் பழக்கம்; அந்த ரெண்டு தட்டுக்கு அவன் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும்.

அவள் தரையில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். பின்சக்கரத்துக்கும் வால்வுக் குழாய்க்கும் நடுவே, நிழலில், தேங்கிய தண்ணீரில் சட்டை நனைய, வாண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. சக்கரம் அதன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. இரண்டு கையாலும் சிவப்புத் தம்ளரைத் தூக்கிப் பிடித்திருந்தது. அப்பாவின் லாரிச் சத்தம் அதற்குப் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். பயம் என்று ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. அத்தையைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கியது. ஒரு கையை எடுத்து, விரலை உதட்டில் வைத்தது.

"ஷ்ஷ். ஓடிதும்."

அவள் அதன் காலைப் பிடித்து இழுத்தாள். தம்ளர் கவிழ்ந்தது. அப்போதுதான் வாண்டு அழுதது. கஷ்டப்பட்டுப் பிடித்த தண்ணீர் கொட்டிவிட்டதே என்று வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல் ஒரு நல்ல சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. நடுத்தெருவில், கொதிக்கிற தாரில் உட்கார்ந்து, குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "அழுடி, நல்லா அழு, இன்னும் அழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி இறங்கி வந்தான். குழந்தையைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். சக்கரத்தடியில் நீண்டு ஒழுகிய தண்ணீரைப் பார்த்தான். லாரிப் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், காய்ந்துபோன நுரை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அன்றைக்கு அவன் வண்டியை எடுக்கவில்லை. சாவியை அக்காவிடம் கொடுத்து, "நீயே வெச்சிக்க, என் கையில குடுக்காத" என்றான்.

சாயங்காலம் அவன் பெண்டாட்டி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பிஸ்கட் மாவு ஒட்டின தலைமுடியோடு வாசலில் நின்று, காலியாகக் கவிழ்ந்து கிடந்த வாளிகளைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, எல்லாத் தண்ணியும் எங்க?"

தம்பி ஏதோ சமாளிக்கப் பார்த்தான். அக்கா அவனை அடக்கிவிட்டுத் தானே சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பெட்டி, ஒருக்களித்த கதவு, டிரம்முக்குள்ளிருந்து வந்த கை, லாரி, ஒரு சாண். கேட்டவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கால் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரிக்கடியில போய்ப் புடின்னு யாரு சொன்னா?"

"நான்தான்மா."

"பேசக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தது?"

"அதுவும் நான்தான்."

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது. மாடித் தொட்டியும் வறண்டு, வீட்டில் முகம் கழுவ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எத்தனையோ கோடை தாண்டிவந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தண்ணீர் இல்லை. தையல்காரம்மா கேட்காமலே ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தம்பி பெண்டாட்டி பேசினை நிமிர்த்தி, அதற்குள் குழந்தையை நிறுத்தி, லாரி மண் போக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவினாள். துடைத்துப் புருஷனிடம் கொடுத்தாள். பேசினில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். அண்ணியும் பார்த்தாள்.

"கொட்டிடும்மா" என்றாள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

தம்பி பெண்டாட்டி துணியை நனைத்து அப்போதே தரையைத் துடைத்தாள். மிச்சத்தைக் கக்கூசில் ஊற்றினாள். பேசினைக் கவிழ்த்துச் சுவரோரம் சாய்த்தாள். "கொட்டவும் வேணாம், சேக்கவும் வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அண்ணி ஒரு பையில் தன் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"எங்கயோ. ஒரு ரூம் பாத்துக்கறேன். பெட்டி இருக்கு, பொழச்சிக்குவேன். இந்தக் கையில இனிமே நீ புள்ளயக் குடுக்கமாட்ட. குடுக்கவும் கூடாது."

"குடுக்கறதா வேணாமான்னு ராத்திரி பூரா நானும்தான் யோசிச்சேன். கோவம் இல்லன்னு பொய் சொல்லமாட்டேன் அண்ணி. வயிறு இன்னும் எரியுது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அந்த ரெண்டு தட்டு யாரு தட்டினா? வேற யாரு தட்டியிருந்தா அவரு நிறுத்தியிருப்பாரு?"

அண்ணி பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா வாயக் கட்டினது நீங்கதானே? நீங்களே அவுத்து விடுங்க" என்று குழந்தையை அவள் மடியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் எந்தத் தண்ணீரும் தேங்கி நிற்கவில்லை. ஒரு வேலை முடிந்த தண்ணீருக்கு அடுத்த வேலை அந்த நிமிஷமே. டிரம்முக்குத் தம்பி பூட்டுப் போட்ட மூடி வாங்கி வந்தான். லாரி வால்வுக்கு வாஷரும் அன்றைக்கே மாற்றினான். இதெல்லாம் தெருவே பார்த்ததுதான். தெரு பார்த்து ஆச்சரியப்பட்டது வேறொன்று. சொட்டு அக்கா, ஒழுகாத சமையலறைக் குழாயைத் தானே ஒரு துளி தளர்த்தி, வேண்டுமென்றே சொட்ட விட்டாள். அடியில் முக்காலி. முக்காலியில் வாண்டு. தேய்ப்பு மேசையை அவள் திருப்பிப் போட்டிருந்தாள். தலையைத் தூக்கினால் அடுக்களை தெரியும். தெரிந்தும் அவளுக்குப் போதவில்லை.

"ஒவ்வொரு சொட்டுக்கும் கத்தணும். கத்தினாத்தான் சொட்டு வரும். எங்க, கத்து பாக்கலாம்."

"சொட்டு!" என்று வாண்டு கத்தியது.

"கேக்கல."

"சொட்டு! சொட்டு!"

தெரு முழுக்கக் கேட்டது. தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "என்னக்கா, மத்தியானத்துல மனுஷங்க தூங்க வேணாமா?" என்று கேட்டுப் பார்த்தாள். கேட்ட பிறகு அவளே, "கத்தட்டும், கத்தட்டும்" என்று மிஷினை ஓட்டினாள்.

சொட்டு. காலரை விரித்தாள். சொட்டு. தண்ணீர் தெளித்தாள். சொட்டு. பெட்டியை எடுத்து உள்பக்கம் ஓட்டினாள். பிறகு அடுத்த சொட்டு கேட்கவில்லை.

அவள் கை அந்தரத்தில் நின்றது. பெட்டியின் சூடு முகத்தில் அடித்தது. தோள் வரைக்கும் கை மறுபடி தண்ணீருக்குள் போய்விட்ட மாதிரி குளிர்ந்தது. தலையைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அத்தே, ரொம்பிதுச்சு!"

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னும் சத்தமாச் சொல்லுடி" என்றாள்.